ஒரு பெரிய கடை மூடினால் மாலே காலியாவது ஏன்? 2008-ல் அமெரிக்காவில் நடந்தது என்ன?

ஊரின் மக்கள்தொகை சுமார் 1,000 பேர்தான். ஆனால் அங்கிருந்த மாலின் பரப்பளவு சுமார் 20 லட்சம் சதுர அடி!

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், கிளீவ்லேண்ட் நகரத்தை ஒட்டி இருக்கிறது நார்த் ராண்டல் என்ற குட்டி ஊர். 1976-ல் இங்கே ராண்டல் பார்க் மால் திறக்கப்பட்டபோது, உலகின் மிகப்பெரிய மால் என்று விளம்பரம் செய்தார்கள். 2009 மார்ச்சில் அதே மாலின் உள்பகுதிக்குப் பூட்டுப் போடப்பட்டது.

'ஆன்லைன் ஷாப்பிங் வந்துச்சு, மால் போச்சு' என்று ஒரே வரியில் இதைச் சொல்லிவிடுவோம். ஆனால் 2009-ல் அமெரிக்க சில்லறை விற்பனையில் ஆன்லைனின் பங்கு சுமார் 4 சதவீதம்தான். அப்போ மால்களைச் சாய்த்தது எது?

பெரிய கடைக்கு ஏன் சலுகை?

முழுக்க மூடிய, ஏசி வசதி கொண்ட முதல் அமெரிக்க மால் 1956-ல் மினசோட்டா மாநிலத்தில் திறக்கப்பட்ட சவுத்டேல். வடிவமைத்தவர் ஆஸ்திரியாவில் பிறந்த கட்டடக் கலைஞர் விக்டர் க்ரூயன். இரண்டு பெரிய டிபார்ட்மெண்ட் ஸ்டோர்கள், அவற்றோடு ஏராளமான சின்னக் கடைகள். பின்னர் வந்த மால்களும் கிட்டத்தட்ட இதே பாணியைத்தான் பின்பற்றின.

இந்தப் பெரிய கடைகளுக்கு 'ஆங்கர் ஸ்டோர்' என்று பெயர். கூட்டத்தை இழுத்து வருவது இவைதான் என்பதால், சதுர அடிக்கு மிகக் குறைந்த வாடகையே வாங்குவார்கள். சில இடங்களில் கட்டடமே அந்தக் கடைக்குச் சொந்தமாக இருக்கும். பெரிய கடைக்கு வருபவர்கள் போகிற வழியில் செருப்பு, கம்மல், ஐஸ்கிரீம் வாங்குவார்கள் இல்லையா? அந்தச் சின்னக் கடைகள் கட்டும் கூடுதல் வாடகைதான் மால் உரிமையாளரின் முக்கிய வருமானம்.

ஒப்பந்தத்தில் இருக்கும் ஒரு ஷரத்து

2007 டிசம்பரில் தொடங்கிய பொருளாதார மந்தநிலை 2009 ஜூன் வரை நீடித்தது. சுமார் 5 சதவீதமாக இருந்த வேலையின்மை, 2009 அக்டோபரில் 10 சதவீதத்தைத் தொட்டது. வேலை போய்விடுமோ என்ற பயத்தில் மக்கள் முதலில் தள்ளிப்போட்டது துணிமணியும் வீட்டு உபயோகப் பொருட்களும்தான். டிபார்ட்மெண்ட் ஸ்டோர்களின் வியாபாரமே அதுதானே! 1949-ல் தொடங்கிய மெர்வின்ஸ் நிறுவனம் 2008 ஜூலையில் திவால் மனு கொடுத்தது. அந்த ஆண்டு இறுதியில் அதன் கடைகளில் குளோசிங் சேல் நடந்துகொண்டிருந்தது.

இங்கேதான் சிக்கலே. பல சின்னக் கடைகளின் குத்தகை ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருக்கும். ஆங்கர் ஸ்டோர் வெளியேறினாலோ, மாலில் குறிப்பிட்ட சதவீதத்துக்கு மேல் கடைகள் காலியானாலோ, இவர்கள் வாடகையைக் குறைத்துக் கட்டலாம். அப்படியே நீடித்தால் காலி செய்துவிட்டும் போகலாம்.

ஆக, போனது ஒரு கடை என்றாலும் வாடகை குறைவது பல கடைகளில். ஆனால் ஏசி, விளக்கு, செக்யூரிட்டி செலவு குறைவதில்லை. பராமரிப்பு குறைந்தால் கூட்டம் குறையும், கூட்டம் குறைந்தால் அடுத்த கடை கிளம்பும்.

கடன் போட்ட பூட்டு

கூட்டம் இருந்த மால்களும் தப்பவில்லை. 200-க்கும் மேற்பட்ட மால்களை வைத்திருந்த ஜெனரல் குரோத் பிராப்பர்ட்டீஸ், அப்போது அமெரிக்காவின் இரண்டாவது பெரிய மால் நிறுவனமாக இருந்தது. பழைய கடன் முதிரும்போது புதுக் கடன் வாங்கி அடைப்பது இந்தத் தொழிலில் சகஜம். 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் வங்கி சரிந்ததும் புதுக் கடன் கொடுக்க ஆளில்லை. சுமார் 2,700 கோடி டாலர் கடனோடு, 2009 ஏப்ரலில் அந்த நிறுவனம் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றத்துக்குப் போனது.

அதற்கு அவகாசம் கிடைத்தது. கடன் தவணைகள் நீட்டிக்கப்பட்டன. மால்களைத் திறந்து வைத்தபடியே 2010 நவம்பரில் மீண்டும் வந்தது. கூட்டம் வராத மால்களுக்கும், அங்கே வேலை பார்த்தவர்களுக்கும் அந்த அவகாசம் இல்லை.

ஊருக்கு என்ன ஆச்சு?

ராண்டல் பார்க் மாலில் சரிவு மந்தநிலைக்கு முன்பே தொடங்கிவிட்டது. 2000-களின் தொடக்கத்திலேயே ஜேசி பென்னி போன்ற ஆங்கர் கடைகள் வெளியேறின. ஏற்கெனவே தள்ளாடிய மாலுக்கு மந்தநிலை கடைசி அடியாக விழுந்தது.

அடி மாலோடு நிற்கவில்லை. ஒஹையோவில் ஒருவர் எந்த ஊரில் வேலை பார்க்கிறாரோ, அந்த ஊர் நிர்வாகம் அவர் சம்பளத்தில் வரி வசூலிக்கலாம். பள்ளிக்கூடங்களுக்கும் சொத்து வரிதான் பெரிய ஆதாரம். கடைகள் போனால் சம்பளமும் போச்சு, வரியும் போச்சு. தெருவிளக்கு, போலீஸ், பள்ளி என எல்லாவற்றுக்கும் அந்தப் பணம்தான்.

பல ஆண்டுகள் பாழடைந்து கிடந்த மாலை இடித்துவிட்டார்கள். 2018-ல் அதே இடத்தில் திறக்கப்பட்டது அமேசானின் பிரம்மாண்ட கிடங்கு. ஊருக்கு வேலையும் வரியும் திரும்பி வந்தன. ஆனால் சாயங்காலம் குடும்பத்தோடு போய்ச் சுற்றிவர ஒரு இடம் திரும்பவில்லை.

அடுத்த முறை மாலுக்குப் போகும்போது பெரிய கடையில் குளோசிங் சேல் போர்டு தொங்கினால், தள்ளுபடி எவ்வளவு என்பதோடு பக்கத்துச் சின்னக் கடைகளில் கூட்டம் இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள். மாலின் நிலவரம் அங்கேதான் தெரியும்.