சேஜோங்: சபையின் வாக்கெடுப்பில் பிழைத்த நகரம்

நாட்டின் நிலப்பரப்பில் எட்டில் ஒரு பங்குகூட இல்லாத சியோல் வட்டாரத்தில் ஜனத்தொகையின் பாதியளவு வந்து குவிந்துவிட, அந்தப் பாரத்தைக் குறைத்து மற்றப் பிரதேசங்களுக்கும் வாழ்வு தரவேண்டுமென்று தென் கொரியாவில் வெகு காலமாகப் பேசிவந்தார்கள். ஆயினும், தலைநகரையே தெற்கேயுள்ள சுங்சோங் பிரதேசத்துக்குப் பெயர்த்துவிடுவதாகத் தேர்தலில் துணிந்து வாக்குறுதி அளித்தவர், 2002இல் ஜனாதிபதி பதவிக்குப் போட்டியிட்டு வென்ற ரோ மூ-ஹியூன். 2003 டிசம்பரில் தேசிய சபை அதற்கான விசேஷச் சட்டத்தை நிறைவேற்றியது. மறு ஆண்டு அக்டோபரில் அரசியல் சாசன நீதிமன்றம் அதை ரத்துச் செய்தது. சியோலே தலைநகர் என்று சாசனத்தில் எங்கும் எழுதப்படவில்லை. ஆனாலும் நூற்றாண்டுகளாக நிலவிவரும் வழக்கத்துக்கு எழுதாச் சாசனத்தின் அந்தஸ்து உண்டென்றும், அதை மாற்றச் சாதாரணச் சட்டம் போதாதென்றும் நீதிபதிகள் கண்டார்கள். விசித்திரமான தர்க்கமென்பாரும் உண்டு. என் எண்ணமும் அதுவே.

சர்க்கார் பின்வாங்கவில்லை. தலைநகர் என்ற பெயரைக் கைவிட்டு, ஜனாதிபதியையும் சபையையும் சியோலிலேயே இருக்கவிட்டு, மந்திரி காரியாலயங்கள் பலவற்றை மட்டும் புதிய ஊருக்கு மாற்ற வேறொரு சட்டம் 2005இல் வந்தது. கொரிய எழுத்தை வகுத்தளித்த பதினைந்தாம் நூற்றாண்டு அரசர் சேஜோங்கின் பெயரையே ஊருக்கு இட்டார்கள்.

உண்மையான சோதனை 2010இல்தான். அடுத்த ஜனாதிபதி லீ மியுங்-பாக், மந்திரிகள் ஓரிடத்திலும் சபை வேறிடத்திலும் இருந்தால் நிர்வாகம் சிதறுமென்று கூறி, காரியாலயங்களுக்குப் பதிலாகத் தொழிற்சாலைகளும் ஆராய்ச்சிக் கூடங்களும் சர்வகலாசாலைகளும் நிறைந்த கல்வி, விஞ்ஞான, தொழில் கேந்திரமாக சேஜோங்கை ஆக்கும் திருத்தத்தை ஜனவரியில் வெளியிட்டார். சாம்சங் முதலிய கம்பெனிகளும் முதலிட முன்வந்தன. கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது. ஆனால் கம்பெனியின் வாக்கு லாபக் கணக்கைப் பொறுத்தது. ஒருமுறை இடம் மாறிய மந்திரி காரியாலயமோ எளிதில் திரும்பிப் போவதில்லை. லீயின் சொந்தக் கட்சியைச் சேர்ந்த பார்க் குன்-ஹேயே, ஜனங்களுக்குக் கொடுத்த வாக்கை மீறலாகாதென்று திருத்தத்தை எதிர்த்தார். ஜூன் 29 அன்று 105 பேர் ஆதரிக்க, 164 பேர் எதிர்க்க, திருத்தம் தோற்றது. அதற்காக முன்னின்று வாதாடிய பிரதம மந்திரி சுங் உன்-சான் அடுத்த மாதமே ராஜிநாமாவை அறிவித்தார்.

2012 ஜூலையில் முறைப்படி உதயமான அந்நகரில் இன்று நான்கு லட்சத்துக்குச் சற்றுக் குறைவானோர் வசிக்கிறார்கள். ஆயினும் அவர்களில் பலர், பாரம் குறையவேண்டிய சியோலைவிட்டு வந்தவர்களல்லர். அண்டையிலுள்ள தேஜோனிலிருந்தும் சுங்சோங் ஊர்களிலிருந்தும் குடியேறியவர்கள். உத்தியோகஸ்தர்களிலும் எத்தனையோ பேர் குடும்பத்தைச் சியோலிலேயே வைத்துவிட்டுப் பஸ்ஸிலும் ரயிலிலுமாகப் போய்வந்தார்கள். இருந்தும், சபை 2010இல் அளித்த முடிவு சரியானதென்றே நான் கருதுகிறேன். மந்திரிகளைக் கேள்வி கேட்கும் கமிட்டிகளோடு சபையும் சியோலை விட்டு அசையாதிருந்ததே குறை. தனக்கும் சேஜோங்கில் ஒரு கிளை வேண்டுமென்று அது சட்டத்தைத் திருத்திக்கொண்டது 2021 செப்டம்பரில்.