பழைய குளிர்பான பாட்டிலும் விளம்பரத் தகடும்: வயதைக் கண்டறியும் வழிகள்

வீடு மாற்றும்போதும் ஊரில் பழைய கடையைக் காலி செய்யும்போதும் முதலில் கபாடிக்காரரிடம் போவது சோடா பாட்டிலும் துருப்பிடித்த விளம்பரத் தகடும்தான். எடைக்குப் போட்டால் சில ரூபாய் கிடைக்கும். ஆனால் நம் நாட்டு வணிகத்தின் சரித்திரம் அவற்றில்தான் எழுதியிருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தால் தூக்கி எறிய மனம் வராது.

முதலில் பெயர்களைப் பார்ப்போம். கோக்கோ கோலா 1977-இல் இந்தியாவை விட்டு வெளியேறி, 1993-இல் திரும்பி வந்தது. இடைப்பட்ட காலத்தில் கடைகளை ஆண்டவை தம்ஸ் அப், கேம்பா கோலா, கோல்ட் ஸ்பாட், லிம்கா போன்றவை. அரசு நிறுவனமான மாடர்ன் ஃபுட் இண்டஸ்ட்ரீஸ் 1977-ஆம் ஆண்டின் நினைவாக 'டபிள் செவன்' என்ற பானத்தையே விற்றது. அது நீடிக்கவில்லை; ஆகவே அதன் பாட்டில் கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள். கேம்பா என்ற பெயரை மட்டும் நம்ப வேண்டாம். ரிலையன்ஸ் நிறுவனம் 2023-இல் அதை மீண்டும் சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டது.

அடுத்து எழுத்துகள். விலை 'நயா பைசா'வில் இருந்தால் அது பெரும்பாலும் 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது. முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தையது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இருந்தால் அண்மைக் காலத்துச் சரக்கு. சோடா மூடியின் உட்புறத்தில் பிளாஸ்டிக்குக்குப் பதில் நிஜத் தக்கை வில்லை இருந்தால் அது பழைய மூடி.

கோலி சோடா பாட்டில் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1870-களில் காப்புரிமை பெற்ற அமைப்பு. கவிழ்த்து நிரப்பும்போது கோலி கழுத்துக்கு வரும். வாயுவின் அழுத்தம் அதை ரப்பர் வளையத்தோடு இறுக்கிப் பிடிக்கும். கோலிக்காகவே சிறுவர்கள் உடைத்தது போக மிஞ்சியவை கொஞ்சம். கம்பெனிப் பெயரும் ஊர்ப் பெயரும் கண்ணாடியிலேயே புடைத்திருப்பவற்றுக்கு மதிப்பு அதிகம்.

எனாமல் தகடு ரயில்வேக்காரர்களுக்குப் பழக்கமானது. ஸ்டேஷன் பலகைகளிலும் அதே வேலைதான். இரும்புத் தகட்டில் கண்ணாடித் தூளைப் பூசிச் சுமார் 800 டிகிரி சூட்டில் உருக்கி ஒட்டவைப்பார்கள். நிறத்தின் மேல் நிறம் ஏறுவதால், விரலால் தடவினால் ஓரங்களில் மேடு தெரியும். வழவழவென்று ஒரே மட்டமாக இருந்தால் சந்தேகப்படுங்கள். துரு ஒரு சாட்சியே அல்ல. உப்புத் தண்ணீர் ஒரு வாரத்தில் அதை வரவழைத்துவிடும்.

தகட்டை ஆசிடாலும் கம்பி நாராலும் தேய்க்கக் கூடாது. சோப்புத் தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்தால் போதும். மாட்டும்போது திருகுக்கு அடியில் ரப்பர் வாஷர் வையுங்கள். இல்லையேல் எனாமல் அங்கேதான் முதலில் பெயரும்.

கடைசியாக ஒன்று. எந்த ஊர், யாருடைய கடை, எந்த ஆண்டு என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பொருளோடு வைத்துவிடுங்கள். விவரம் சொல்ல ஆள் இல்லாத பாட்டில், அடுத்த தலைமுறைக்கு வெறும் கண்ணாடிதான்.