கேட்ட வரம் கிடையாதபோது

2016 மே 17ஆம் நாள் கேகாலை மாவட்டத்தில் அடைமழை. அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மலை சரிந்தது. புளத்கொஹுபிட்டியவில் தோட்டத்து லயன் வீடுகளும் புதையுண்டன.

தோட்டத்து மக்களாகிய நாம் மழையையும் காவலையும் மாரியம்மனிடமே வேண்டுகிறோம். "சாமி ஏன் கேட்கவில்லை, சேர்?" என்று மாணவன் ஒருவன் பின்னர் என்னிடம் வினவினான். உடனே விடை கூற எனக்கு நா எழவில்லை.

இறந்தவர் பக்தியிற் குறைந்தவரல்லர். பிழைத்தவர் அதில் மிகுந்தவருமல்லர். நீரூறிக் கனத்த மண், செங்குத்துச் சரிவிலே பிடிப்பை இழந்தது. வேண்டுதல் அவ்வியற்கை விதியை மாற்றுவதில்லை.

ஆயின், அதனாற் பயன் யாது? அழுகின்றவனுக்கு அழ ஓர் இடம் தருகிறது. அயலாரை அவனருகே கூட்டுகிறது. கலங்கிய மனத்தைத் தெளிவிக்கிறது. தெளிந்த மனம் சுற்றுமுற்றும் பார்க்கும். நிலத்தில் வெடிப்பு, சாயும் மரம், திடீரென ஊறும் கலங்கல் நீர் ஆகியவை மண்சரிவின் முன்னறிகுறிகள். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரிக்கையும் விடுக்கிறது. அப்போது வீட்டைவிட்டு வெளியேறுதல் அவநம்பிக்கை ஆகாது.

அந்த மாணவனிடம் பிறகு நான் சொன்னதும் இதுவே: அம்மனுக்கு விளக்கேற்று, மழை வலுத்தால், பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடு. கதவு திறந்திருக்கும்.