பல் வைத்தியரிடம் கேட்கும் கேள்விகள்

மேல்வரிசைப் பல்லைப் பிடுங்கினால் கண் மங்கிவிடும் என்பது நம் பாட்டிமார்களின் சித்தாந்தம். பல் வைத்தியரிடம் செல்வோர் பலர் இன்றும் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். பார்வைக்குரியது மூளையின் இரண்டாவது நரம்பு, பற்களுக்குரியது ஐந்தாவது. இவ்விரண்டிற்கும் கொடுக்கல் வாங்கல் கிடையாது. பல் விழும் பிராயமும் பார்வை குன்றும் பிராயமும் ஏறக்குறைய ஒன்றாயிருப்பதால், பாவம், வைத்தியர்மீது பழி விழுந்துவிட்டது!

காரையைச் சுரண்டினால் பல் ஆடும் என்று அஞ்சுவோரும் உளர். உண்மையில் காரையில் குடியிருக்கும் கிருமிகளாலேயே ஈறு புண்பட்டு, எலும்பு கரைந்து, பல் ஆட்டங் காண்கிறது. காரையை அகற்றியதும் மறைந்திருந்த இடைவெளி தெரிகிறது, அவ்வளவே.

பால்பல்தானே, விழப்போகிறது என்று குழந்தையின் சொத்தைப் பல்லைப் புறக்கணிப்பதுதான் பெரும் பிழை. கடைவாய்ப் பால்பற்கள் 10, 12 வயது வரை இருக்கவேண்டியவை. முன்னதாகப் போய்விட்டால் அண்டைப் பல் சாய்ந்து இடத்தைக் கவர்ந்துகொள்ளும். பின்னால் வரும் பல் கோணலாக முளைக்கும்.

“வலிக்குமா?” என்று மட்டும் ஆடவர் வாய்விட்டுக் கேட்பதில்லை! 1943-ல் ஸ்வீடனில் நில்ஸ் லோஃப்கிரேன் உருவாக்கிய லிடோகெயின் மருந்தை ஊசியால் ஏற்றியபின் குறடு அழுத்துவது தெரியும், வலி தெரியாது. ஆனால் சீழ் கட்டிய இடத்தில் அம்மருந்து சரிவர வேலை செய்யாது. கன்னம் வீங்கும் வரை கிராம்புத் தைலத்தோடு காலங்கழித்து வருவோருக்கே உபத்திரவம் அதிகம்.