சேஷாசலக் காட்டுக்கு அனுமதி

விடுமுறைக்குத் தாயகம் செல்லும் நம் குடும்பத்தார் சிலர், திருப்பதி தரிசனம் முடித்தபின் தலக்கோனா அருவியைக் கண்டு, காட்டில் ஓர் இரவு கூடாரமடித்துத் தங்கவும் விழைகின்றனர். நல்ல விருப்பந்தான், ஆனால் அவ்வருவி ஸ்ரீ வெங்கடேசுவரா தேசியப் பூங்காவினுள் உள்ளது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அங்கு நுழைய அனுமதி வேண்டும். அனுமதி வழங்கத்தக்க காரணங்களுள் சுற்றுலாவும் ஒன்றாதலின், கேட்கக் கூச்சம் வேண்டா.

அருவியளவில் நிற்போர் வாயிலில் கட்டணம் செலுத்தினாற் போதும். உட்காடு செல்வோர் திருப்பதி வனத்துறை அலுவலகத்துக்கு முன்னதாகவே எழுதி, விடை வந்தபின் பயணச்சீட்டு வாங்குக. காட்டுக்கு ஊறு நேருமாறு நெருப்பு மூட்டுதல் குற்றம்.

தமிழராகிய நமக்கு மற்றொரு காரணமும் உண்டு. செம்மரம் இயற்கையாக வளர்வது இம்மலைகளிலும் இவற்றையடுத்த பகுதிகளிலுமே. அதனைத் திருட்டுத்தனமாக வெட்டத் தமிழ்நாட்டு ஏழைகள் கூலிக்கு அழைத்துவரப்படுகின்றனர். 2015 ஏப்ரல் 7-ஆம் நாள் இக்காட்டில் காவற்படையினர் சுட்டதில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர் மாண்டனர். தற்காப்புக்கே சுட்டோம் என்றனர் காவலர்; மனித உரிமையாளர் அதை ஏற்கவில்லை. அத்தகைய காட்டில் இரவில் சீட்டின்றித் தமிழ் பேசி நடப்பவரைக் காவலர் யாரென்று கருதுவர்? சீட்டும் கடவுச்சீட்டின் படியும் சட்டைப்பையிலேயே இருக்கட்டும்.

இத்துணை அலைச்சல் ஆகாதெனின், பங்குனிப் பௌர்ணமியையொட்டிச் செல்லலாம். அப்போது பாபவிநாசத்திலிருந்து தும்புரு தீர்த்தம் செல்லும் காட்டுவழியைத் தேவஸ்தானமே திறந்துவிடுகிறது. வழியில் மோரும் அன்னமும் கிடைக்கும். இருதய நோயுடையோர் ஏறலாகாது.