பரோபகாரமும் உரையளவையும்

பசித்தானுக்குச் சோறிடுதல் நன்று என்னுந் துணிபு வேதாகமங்களைக் கற்றதனால் உண்டாவதோ, அன்றி அந்நூல்களின் பெயரும் அறியாதார் நெஞ்சினும் தானே தோன்றுவதோ என்பது பழையதோர் ஆசங்கை. சைமினி முனிவர் மீமாஞ்சைச் சூத்திரத்தின் தொடக்கத்தே, வேதத்தின் ஏவலால் அறியப்படும் நற்பொருளே அறம் என்று இலக்கணம் வகுத்தார். அவர் வழிவந்த குமாரிலபட்டர் சுலோகவார்த்திகத்தில் இதனை வலியுறுத்துவர். பிறர்க்கு இன்பஞ் செய்தலும் துன்பஞ் செய்தலுமே அறமறங்கட்கு அளவெனின், செபமும் கள்ளுண்டலும் இரண்டனுள் யாதுஞ் செய்யாமையின் அறமும் ஆகா, மறமும் ஆகா. குருபத்தினியைக் கூடுதலோ அவட்கு இன்பந் தருதலின் அறமாய்விடும் என்பது அவர் தடை. இஃது எளிதில் தள்ளத்தக்கதன்று. இரக்கமொன்றே போதும் என்பார் இதற்கு விடை கூறியே தீர்தல் வேண்டும்.

ஆயினும் இத்தடை நிறுவியது யாது? இரக்கம் மட்டும் போதாது என்பதேயன்றி, இரக்கம் நூலிற் பிறந்தது என்பதன்று. இவ்விரண்டையும் ஒன்றாக மயங்குதலே இவ்வழக்கிற் குழப்பம் விளைத்தது.

உயிர்க்கு இச்சையும் அறிவும் செயலும் இயல்பாகவே உள. ஆணவத்தான் மறைப்புண்டு கிடக்கின்றன என்பது சித்தாந்தம். கண்ணுக்குக் காணுந் தன்மை உண்டேனும் இருளில் அது விளங்காது; விளக்கு வந்துழியே காணும். அதுபற்றி விளக்குக் கண்ணைப் படைத்தது என்பாரில்லை. கண்ணிலான்முன் வைத்த விளக்காற் பயனுமின்று. இரக்கத்திற்கும் நூலுக்கும் உள்ள இயைபு இத்தகையது. காமம் இரக்கத்தின் வேடம் புனைந்து வருமிடத்து அதனை வேறுபிரித்துக் காட்டுதல் நூலின் தொழில். பட்டரது தடைக்கு விடையும் இதுவே.

சிவஞானசித்தியார் சுபக்கத்து இரண்டாஞ் சூத்திரத்திலே இடர்ப்பாடுடைய செய்யுள் ஒன்றுண்டு. அரனிடத்து அன்பிலார் செய்யும் புண்ணியம் பாவமாம் என அது கூறுதலின், சிவநாமம் அறியாதான் வைத்த தண்ணீர்ப்பந்தரும் பாவமோ எனச் சிலர் கலங்குவர். ஆம் எனத் துணிவாரும் உளர்! அருணந்தி சிவாசாரியர் தந்த எடுத்துக்காட்டை நோக்கின் கலக்கந் தீரும். அவர் காட்டியது தக்கன் வேள்வியை. ஆண்டு மந்திரத்திற்குக் குறைவில்லை. வேள்விப் பொருட்குக் குறைவில்லை. அரனுக்குரிய அவியை மறுத்த செருக்கே குற்றமாயிற்று. அதற்கு மறுதலையாகக் காட்டப்பட்ட சண்டேசுரர், பாற்குடத்தை இடறிய தந்தையின் தாளைத் தடிந்தது எந்நூலின் ஏவலாலும் அன்று. ஆகலின் அச்செய்யுள் இகழ்ந்தாரைச் சுட்டியதேயன்றி அறியாதாரைச் சுட்டியதன்று. ஏவலின்வழிச் செய்தமை மட்டில் ஒருசெயல் அறமாகாது எனக் காட்டுதலின், பட்டர் கொள்கைக்கே அது மாறாய் நிற்கின்றது.

இனி, எத்தெய்வத்தை வழிபடினும் அத்தெய்வமாய் நின்று பயனளிப்பவன் சிவபெருமானே என்று அச்சூத்திரமே கூறுதலின், நூலறியாதான் செய்த உதவியும் வறிதே ஒழிவதன்று. அது பசுபுண்ணியமாய் நின்று பயன் தரும்.

அங்ஙனமாயின் நூல் கூட்டுவது யாது? இளையான்குடிமாற நாயனார் மழைபொழியும் நள்ளிரவில், அன்று விதைத்த நெல்முளையை வாரிவந்து, வீட்டின் கூரைமரத்தை விறகாக்கி விருந்தினர்க்கு அமுது சமைப்பித்தார். நனைந்தும் பசித்தும் வந்தாரைக் கண்டு இரங்குதற்கு எவரும் நூல் கற்கவேண்டுவதில்லை. அயலார் எவரேனும் இரங்கியிருப்பர். வந்தவர் திருவேடத்தைச் சிவமெனவே கண்டமைதான் நாயனார் செயலைச் சிவபுண்ணியமாக்கியது. அக்காட்சி கண்ணாற் காணப்படுவதன்று, கருதலளவையாற் பெறப்படுவதுமன்று. ஈண்டே உரையளவை வேண்டப்படுவது.