பேட்டரிக்கு மெயின் சுவிட்ச் கிடையாது

என் வலது கட்டைவிரலில் ஒரு தழும்பு இருக்கிறது. பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்து எடுத்த ஒரு லித்தியம் செல் தந்தது அது. செல்லின் மேலுறை விளிம்பில் நகக்கண் அளவுக்குக் கிழிந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. பிளஸ் முனையில் சால்டர் செய்த வயர் சாய்ந்து அந்தக் கிழிசலைத் தொட்டது. கண் இமைப்பதற்குள் வயரின் சிவப்பு உறை உருகி விரலில் ஒட்டிக்கொண்டது. இத்தனைக்கும் அது நாலு வோல்ட்தான்.

குறைந்த வோல்ட் ஷாக் அடிக்காது என்பது உண்மை. சுடாது என்று நினைப்பதுதான் தவறு. வீட்டு மின்சாரத்தை மெயின் சுவிட்சைத் தட்டி நிறுத்திவிடலாம். செல்லுக்குள் இருப்பதை அப்படி நிறுத்த முடியாது. ரோபோ, டார்ச், கதவு அலாரம் என்று எதைச் செய்யும் பிள்ளையும் முதலில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எங்கே ஆபத்து?

18650 என்ற செல்லின் குறுக்களவு 18 மி.மீ., நீளம் 65 மி.மீ. அதன் உலோக உடம்பு முழுவதும் மைனஸ்; உச்சியில் இருக்கும் குமிழ் மட்டும் பிளஸ். இரண்டையும் பிரித்து வைப்பது ஒரு சிறு வளையமும் மெல்லிய பிளாஸ்டிக் உறையும்தான். ஷார்ட் ஆனால் பல பத்து ஆம்பியர் பாயும். 9 வோல்ட் பேட்டரியில் இரு முனைகளும் அருகருகே இருப்பதால், சட்டைப்பையில் கிடக்கும் சாவியே ஷார்ட் ஆக்கப் போதும்.

வட்ட பட்டன் செல்லில் இருப்பது வேறு ஆபத்து. குழந்தை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால், 2 மணி நேரத்திலேயே கடுமையான புண் உண்டாகலாம். சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

செய்யும்போது

கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு ஏஏ அளவு செல்களும் அவற்றுக்கான ஹோல்டரும் போதும். வயரை எல்லாம் மாட்டிச் சரிபார்த்த பிறகு, கடைசியாக பேட்டரியைப் போடுங்கள். மாற்றம் செய்யும்போது முதலில் அதைக் கழற்றுங்கள். பழைய செல்லையும் புதியதையும் கலந்து போடாதீர்கள்.

லித்தியம் செல்லை 4.2 வோல்ட்டுக்கு மேல் சார்ஜ் ஏற்றக் கூடாது. அதற்கென உள்ள சார்ஜிங் மாட்யூலும், பாதுகாப்பு சர்க்யூட்டும் கட்டாயம். செல்லின் மேல் நேரடியாக சால்டர் வைக்காதீர்கள். தூங்கும்போது சார்ஜ் போடாதீர்கள். உப்பிப்போன செல்லை அழுத்தவோ குத்தவோ கூடாது. பிளஸ் முனையை ஒட்டியே சர்க்யூட்டுக்கு ஏற்ற பியூஸ் ஒன்றைப் போட்டுவிடுங்கள்.

செல் புகைந்தால் விலகி நில்லுங்கள்; அந்தப் புகை நச்சு. கதவு, ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியேறுங்கள். சிறிய லித்தியம் அயான் செல் என்றால், பாதுகாப்பான தூரத்திலிருந்து நிறையத் தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்கலாம். தீ பரவினால் உடனே 101-ஐ அழையுங்கள்.

வாங்கும்போது

நல்ல 18650 செல்லின் கொள்ளளவு பொதுவாக 3,500 மில்லி ஆம்பியர் மணிக்குள்ளோ அதை ஒட்டியோதான் இருக்கும். உறையில் 9,900 என்று அச்சிட்டிருந்தால் அது ஏமாற்று. சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பி.ஐ.எஸ்.) பதிவு எண்ணைப் பாருங்கள், பி.ஐ.எஸ். கேர் செயலியில் அதைச் சரிபார்க்கலாம். பில் கேட்டு வாங்குங்கள். பின்னால் வழக்கு என்று வந்தால் அதுதான் உங்கள் பலம்.

ஏமாந்தால், காயப்பட்டால்

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே தீராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. குறைபாடுள்ள பொருளால் காயமோ சேதமோ ஏற்பட்டால் இழப்பீடும் கேட்கலாம். செல்லின் படம், அதன் உறை, பில், மருத்துவச் சீட்டு எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். பொருளைத் தவறாகப் பயன்படுத்தியோ மாற்றியமைத்தோ இருந்தால், அதை விற்றவர் மீது இந்த இழப்பீட்டு வழக்கு நிற்காது என்கிறது அதே சட்டம். லேப்டாப் பேட்டரியைப் பிரித்த எனக்கு விற்றவரிடம் கேட்க வழியில்லை.

தீர்ந்த செல்லைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். குப்பை வண்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கலாம். 2022-ன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளும் அதைத் தனியே ஒப்படைக்கச் சொல்கின்றன. முனைகளில் டேப் ஒட்டி மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுங்கள்.

பிள்ளைகள் கைவேலை செய்வதைத் தடுக்காதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள். செல்லைக் கையில் எடுத்ததும் உறையைச் சுற்றிப் பார்க்கப் பழக்குங்கள். அந்த ஒரு நிமிடத்தை நான் செலவிட்டிருந்தால் இந்தத் தழும்பு இருந்திருக்காது.